ஞாயிற்றுக்கிழமை முட்டை – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நீங்கள் சமையல் பற்றி எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். ஓசூரில் வேலை. வீட்டில் அப்பா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாரம் முழுக்க ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறோம். ஞாயிறு காலையாவது வயிறு நிறைய ஒன்றாகச் சாப்பிடலாம் என்று முட்டை தோசை, ஆம்லெட் என்று செய்கிறோம். மனைவி சுடச்சுட எடுத்துக் கொடுப்பாள். நானும் வெங்காயம் நறுக்கி, முட்டை அடித்துக் கொடுத்து உதவுகிறேன். ஆனால் கடைசி ஆள் உட்காரும்போது முதல் ஆள் கை கழுவிவிடுகிறார். ஹாட்பாக்ஸில் வைத்தால் ஆம்லெட் வேர்த்து ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் சூடாகக் கிடைக்க என்ன வழி? ஒருமுறை குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றிப் பார்த்தோம், சிதறி நூல் நூலாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம்: அப்பாவுக்கு மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுக்கலாமா? பிரவுன் முட்டை வாங்கினால் நல்லதா?

ஒரு வாசகர், ஓசூர்

*

அன்புள்ள தம்பி,

ஆம்லெட்டைச் சூடாக வைத்திருக்க வழி கேட்கிறீர்கள். கிடையாது. அது கல்லிலிருந்து தட்டுக்கு வந்ததும் வாய்க்குப் போய்விட வேண்டிய பண்டம், காத்திருக்க வைத்தால் கெட்டுப்போகும்.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தது அதற்காக இல்லை. முதல் ஆள், கடைசி ஆள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடைசி ஆளும் சாப்பிட்டு எழுந்த பிறகு உங்கள் மனைவி எங்கே இருக்கிறார்? கல்லுக்கு முன்னால். நீங்கள் எண்ணிய வரிசையிலேயே அவர் இல்லை. ஆளுக்கு இரண்டு முட்டை தோசை என்று வைத்தாலும் பத்து தோசை, ஒன்றுக்கு மூன்று நிமிஷம் என்றால் அரை மணி நேரம், அதில் ஒருவர் நின்றபடியே மற்ற நாலு பேர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் காலியான மேஜையில் தனியாக உட்கார்ந்து தன் பங்கைச் சாப்பிடுகிறார். இதையா ஒன்றாகச் சாப்பிடுவது என்று எழுதினீர்கள்? வெங்காயம் நறுக்கி "உதவுகிறேன்" என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வீடு, உங்கள் பிள்ளைகள், உங்கள் அப்பா. இதில் நீங்கள் யாருக்கு உதவி செய்கிறீர்கள்?

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம்தான் பரணிலிருந்து அம்மாவின் அகல மண்சட்டியை இறக்கினேன். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது, மூடி மட்டும் வேறு ஏதோ பாத்திரத்தினுடையது. அதைக் கழுவித் துடைத்ததிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

நாங்கள் ராசிபுரம் பக்கம். நான் சொல்வது 1980களின் தொடக்கம், நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, அது 1997-ல்தான், அப்போது எல்லாம் சேலம் மாவட்டம். கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த காலம். அட்டையில் அடுக்கி லாரி ஏறும் முட்டைகளில் விரிசல் விட்டவற்றை ஒதுக்கிவிடுவார்கள், அவை பாதி விலைக்குக் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா தூக்குப்போசியில் வைக்கோல் போட்டு அந்த முட்டைகளை வாங்கி வருவார். விரிசல் முட்டையை வேகவைக்க முடியாது, தண்ணீரிலேயே பிதுங்கி வெளியே வந்துவிடும். நாள் தாங்காது, வீட்டில் ஃப்ரிட்ஜும் இல்லை. அதனால் மறுநாள் காலையில் குழம்பு.

அப்பா முக்காலி போல நிற்கும் சந்தகை மிஷினை, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பம் பிழிகிற மிஷினை, திண்ணைக்குக் கொண்டுவந்து, வெந்த மாவு ஆறுவதற்குள் முழுப் பலத்தையும் கொடுத்துப் பிழிவார். உள்ளே அம்மா வரமல்லியும் சீரகமும் வரமிளகாயும் வறுத்து, தேங்காயோடு அம்மியில் அரைத்துக் குழம்பைக் கூட்டியிருப்பார். அது கொதித்து அடங்கியதும் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துச் சட்டியைச் சுற்றி இறக்குவார், கடிகாரத்தில் எண்கள் இருக்கிற மாதிரி. மூடி போடுவார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களோடு தரையில் உட்காருவார். நாங்கள் ஆறு பேர், ஆறு தட்டு. சட்டியை நடுவில் வைத்து மூடியைத் திறக்கும்போது எழும்பும் அந்த ஆவி எல்லார் முகத்திலும் ஒன்றாக அடிக்கும்.

மற்ற நாட்களில் அம்மா தோசை சாப்பிட்டு நான் பார்த்ததாக நினைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இனித்தது முட்டையால்தான் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, நானும் கல்லுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்த பிறகு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏனம்மா நீ தோசை சுடவே மாட்டாய் என்று கேட்டேன். "அன்னிக்காச்சும் உங்ககூட உக்காந்து திங்கோணும்னுதான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அதனால் தம்பி, தோசைக்கல்லை ஞாயிற்றுக்கிழமை எடுக்காதீர்கள். இட்லி ஒரே ஈட்டில் எல்லாருக்கும் வந்துவிடும். இடியாப்பமும் அப்படித்தான். தோசையும் ஆம்லெட்டும்தான் ஒருவரை நிற்க வைப்பவை. வார நாளில் ஒரே ஒருவர் அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பும்போது ஆம்லெட் போடுங்கள், அதற்கு ஏற்றது அது.

குழம்புக்கு வருகிறேன். எட்டு முட்டைக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, மூன்று தக்காளி. வறுத்து அரைக்க இரண்டு மேசைக்கரண்டி வரமல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, ஆறு வரமிளகாய், கால் மூடி தேங்காய். வெங்காயத்தைக் கடலெண்ணெயில் அவசரப்படாமல் வதக்குங்கள், ஓரம் சிவந்து சுருங்க வேண்டும். தக்காளி கரைந்ததும் அரைத்ததைப் போட்டு, கொஞ்சம் புளிக்கரைசல் விட்டு, எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்து இருந்தால் போதும்.

உங்கள் முட்டை சிதறியதற்குக் காரணம், தளதளவென்று கொதிக்கும் குழம்பில் உயரத்திலிருந்து ஊற்றியிருப்பீர்கள். வெள்ளைக் கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கும், மஞ்சள் கரு 70 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும், 100 டிகிரியில் குதிக்கும் குழம்பு அதைப் பிய்த்துத்தான் போடும். தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி வருகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். முட்டையை முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு குழம்பைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி மெல்லச் சரித்து விடுங்கள். கரண்டி போடவே கூடாது. மூடி வைத்து ஏழெட்டு நிமிஷம். முட்டை புதிதாக இருக்க வேண்டும், நாள்பட்ட முட்டையில் வெள்ளைக் கரு நீர்த்துப் போய்ப் பரவிவிடும். வேகவைத்து உரிக்கத்தான் ஒரு வாரம் ஆன முட்டை நல்லது, ஓடு சுலபமாகக் கழன்று வரும். நான் விரிசல் முட்டைக் கதை சொன்னேன் என்று நீங்கள் அதைத் தேடி வாங்காதீர்கள், உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு முட்டையை ஊற்ற ஆரம்பித்தால் இரண்டும் சேர்ந்து வேகும்.

பிரவுன் முட்டை: ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, சத்தில் வித்தியாசம் இல்லை. 1989-ல் சத்துணவில் முட்டை சேர்ந்ததிலிருந்து நம் பிள்ளைகள் சாப்பிடுவது பெரும்பாலும் வெள்ளை முட்டைதான். அதிகக் காசு கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். ஒன்றும் இல்லையென்றால் மஞ்சளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு முட்டையில் இருக்கும் ஆறு கிராம் சொச்சம் புரதத்தில் இரண்டரைக்கு மேல் மஞ்சளில்தான் இருக்கிறது, வைட்டமின் ஏ, டி எல்லாம் அதில்தான்.

வரும் ஞாயிறு அம்மியோ மிக்ஸியோ, அரைப்பதும் வதக்குவதும் நீங்கள் செய்யுங்கள். முட்டையை ஊற்றி மூடி போட்டதும் உங்கள் மனைவியை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் எழுந்து எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார், பழக்கம் அப்படி, கையைப் பிடித்து உட்கார வையுங்கள். எட்டு முட்டையில் ஐந்து போக மூன்று மிஞ்சும். அதில் ஒன்று அவருக்கு, மற்ற இரண்டைப் பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்ளட்டும். கடைசியில் சட்டியின் அடியில் வெங்காயமும் தேங்காயும் ஒட்டிக்கொண்டு கெட்டியாக ஒரு வழிசல் இருக்கும். சூடான இட்லியை அதிலேயே போட்டுப் புரட்டி எடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். அப்பா எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டுச் சட்டியை அப்படியே அம்மாவின் பக்கம் நகர்த்தி வைப்பார்.

அன்புடன்,
அக்கா