கணினிக் கேள்வி நேரம்: ஐ5 என்றால் எத்தனாவது ஐ5?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீஃபர்பிஷ்ட் லேப்டாப், அதாவது பழையதைச் சரிசெய்து விற்கும் லேப்டாப் பற்றித்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜனவரியில் பள்ளி திறக்கிறது அல்லவா? அதனால் இந்த முறை வேறு கேள்விகள் எதையும் எடுக்கவில்லை.

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை: கோயிலில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பேரன் பத்தாம் கிரேடு போகிறான். இரண்டு பேருக்குமாக ஒரு லேப்டாப் பார்த்தோம். டெல் லேட்டிட்யூட் 7480, கோர் ஐ5, 8 ஜிபி, விண்டோஸ் 11 போட்டது, விலை 3,900 ராண்ட் என்றார்கள். கீறல்கூட இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது. வாங்கலாமா தம்பி?

அக்கா, கொஞ்சம் பொறுங்கள். கடைக்காரர் எல்லாம் சொல்லிவிட்டு, அது எந்த வயசு மெஷின் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

கோர் ஐ5 என்பது, கணினியின் மூளையான இன்டெல் சில்லுக்குக் குடும்பப் பெயர் மாதிரி. 2009இல் வந்த முதல் சில்லும் ஐ5தான், பத்து வருஷம் கழித்து வந்ததும் ஐ5தான். அதற்குப் பின்னால் ஒரு எண் வரும், அதைக் கேளுங்கள். 6300 என்றால் ஆறாம் தலைமுறை, 8350 என்றால் எட்டாம் தலைமுறை. 1135 என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் பதினொன்று என்று படிக்க வேண்டும். 7480 மாடலில் வருவது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைச் சில்லு. ஆறாம் தலைமுறை வெளிவந்தது 2015இல்.

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் சில்லுகள், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்திய மெஷினில் 11 ஓடுகிறது என்றால், கணினி தகுதியானதா என்று பார்க்கும் சோதனையை யாரோ தாண்டவைத்துப் போட்டிருக்கிறார்கள். ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட் தானாக வந்து சேராது. மேட்ரிக் (பன்னிரண்டாம் கிரேடு) முடிய மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டிய பையனுக்கு இது வேண்டாம்.

இவ்வளவு நல்ல மெஷின் எப்படி இந்த விலைக்கு வருகிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. 11க்குப் போக முடியாத கணினிகளை அலுவலகங்கள் கட்டுக்கட்டாக வெளியே விடுகின்றன. கிரே தெரு என்று நாம் இன்னும் சொல்லும் யூசுஃப் தாதூ தெருப் பக்கம் இருக்கிற என் கடைக்கே வாரம் இரண்டு பேர் இப்படிப்பட்ட மெஷினோடு வருகிறார்கள். பெட்டி உறுதியானது, கீபோர்டு அருமை, வயசுதான் ஆகிவிட்டது.

கூட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு போட முடிந்தால் எட்டாம் தலைமுறைக்குப் போங்கள். டெல் 7490, லெனோவோ திங்க்பேட் டி480 இரண்டிலும் பெரும்பாலும் எட்டுதான் வரும். ஆனாலும் மாடல் பெயரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் சில்லின் முழு எண்ணைக் கண்ணால் பாருங்கள். மெமரி எவ்வளவு, டிஸ்க் எஸ்எஸ்டியா என்பதும் அங்கேயே தெரியும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் தமிழ் வகுப்புக்கு மட்டும் என்றால் என் பதில் வேறு. அதே 7480இல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தமிழ் 99 விசைப்பலகை அதிலும் உண்டு, அப்டேட்டும் ஒழுங்காக வரும், பாடத்தாள் அடிக்க அது தாராளம். ஆனால் அதற்கு 3,900 அதிகம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது பேரனையும் அழைத்துப்போங்கள். ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். நோட்பேடில் ஒவ்வொரு விசையாக அடிக்கட்டும். திரை முழுக்க வெள்ளையாக வைத்தால் கறைகள் தெரியும். ஒரு ஃபிளாஷ் டிரைவை எல்லா யுஎஸ்பி துளையிலும் செருகிப் பார்க்கட்டும். உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து ஒரு வீடியோ ஓடவிடுங்கள், வைஃபையும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று, இது நம்ம ஊருக்கே உரியது: டர்பன் கடற்காற்று உப்பும் ஈரமுமாக இருக்கும். துளைகளுக்குள் போன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உள்ளே போர்டிலும் அரிப்பு இருக்கலாம். கடலோரமான பிளஃப் பக்கம் ஜன்னலோரத்தில் வைத்திருந்த லேப்டாப்கள் இப்படிச் செத்துப்போய் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

ஃபீனிக்ஸிலிருந்து: பேட்டரி நன்றாக இருக்கிறது, மூன்று மணி நேரம் நிற்கும் என்கிறார். எப்படி நம்புவது?

வாய்ச்சொல் வேண்டாம், பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்கு ஒரு கட்டளை உண்டு, ஒரு நிமிஷ வேலை. அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரண்டு எண் வரும். முதலாவது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இரண்டாவது இன்று இருப்பது. 60,000க்கு 45,000 இருந்தால் நான் வாங்குவேன். 30,000க்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுவேன். கரண்ட் போகிற ஊரில் லேப்டாப்புக்கு அதன் பேட்டரிதான் யுபிஎஸ். லோட் ஷெடிங் குறைந்துவிட்டாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் இன்னும் தீரவில்லையே!

சார்ஜரையும் பாருங்கள். டெல் லேப்டாப் பல, தன் சார்ஜரை அடையாளம் கண்டுகொள்ளும். கம்பெனி சார்ஜர் இல்லையென்றால் ஆன் செய்யும்போதே எச்சரிக்கை காட்டும், பேட்டரியில் சார்ஜ் ஏறாது, வேகமும் குறையும். அந்த எச்சரிக்கையை விசையைத் தட்டிக் கடைக்காரர் அவசரமாகக் கடந்துபோனால் கவனியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தெரிந்தவரின் தெரிந்தவர் ஒரு பதினொன்றாம் தலைமுறை லேப்டாப்பை 2,000 ராண்டுக்குத் தருகிறார். ரீசெட் செய்தால் ஏதோ ஒரு கம்பெனி பெயர் வந்து லாகின் கேட்கிறது. உங்களால் எடுத்துவிட முடியுமா?

எடுக்க மாட்டேன் தம்பி, நீங்களும் வாங்காதீர்கள். அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது. முறையாக விற்றிருந்தால் அவர்களே பட்டியலிலிருந்து நீக்கியிருப்பார்கள். நீக்கவில்லை என்றால் மறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது திருடுபோன பொருள். டிஸ்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டாலும் இன்டர்நெட்டில் இணைந்ததும் அதே பெயர் திரும்ப வரும், ஏனென்றால் பதிவு இருப்பது டிஸ்கில் இல்லை, மைக்ரோசாஃப்டின் சர்வரில்.

இதில் நான் பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஏலத்தில் ஆறு லேப்டாப் எடுத்தேன். நான்கில், ஆன் செய்ததுமே கேட்டு மெஷினைப் பூட்டிவைக்கும் பயாஸ் பாஸ்வேர்டு. ஏலக்காரர்கள் பொறுப்பில்லை என்றார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான். திரையையும் மெமரியையும் கழற்றி உதிரியாகப் பயன்படுத்தினேன், போட்ட பணத்தில் பாதி போனது போனதுதான்.

பழைய பொருள் விற்கிற கடை எதுவானாலும் 2009ஆம் வருஷச் சட்டப்படி போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரிடமிருந்து வாங்கியது என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கடையில், சீரியல் எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

டோங்காட்டிலிருந்து: வாங்கி மூன்று மாதத்தில் திரை இருண்டுவிட்டது. பில்லில் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (இருப்பது இருக்கிறபடி) என்று போட்டிருக்கிறோம், வாரண்டி ஒரு மாதம்தான் என்கிறார்கள். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை அம்மா. கடை நடத்துகிறவர் விற்ற பொருளுக்கு, பழையதாக இருந்தாலும், 2008ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு ஆறு மாதம் காப்பு தருகிறது. பொருள் பழுதானதாக இருந்தால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ‘இருப்பது இருக்கிறபடி’ என்று பொதுவாக எழுதிவிட்டால் போதாது. இந்தத் திரையில் இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, நீங்களும் தெளிவாகச் சம்மதித்திருந்தால்தான் அவர் அந்தக் குறைக்குத் தப்பலாம். நீங்கள் கீழே போட்டு உடைத்திருந்தால் இது பொருந்தாது. தனிநபரிடம் வாங்கியிருந்தாலும், ஏலத்தில் எடுத்திருந்தாலும் இந்தக் காப்பு கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி இதையும் படிக்கட்டும்.

இன்றைக்கே கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பாவது போடுங்கள். பில்லின் படம், சீரியல் எண், திரை இருண்ட தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். ரிப்பேர் செய்து தந்து, மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு மறுபடி வந்தால், அடுத்த முறை அவர்கள் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். அதனால் ரிப்பேர் முடிந்து வாங்கும்போது அந்தத் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.