போர்வெல் ஓடும்போதே போனில் எதைப் பார்ப்பது?

கேள்வி: நான் கத்தாரில் இருக்கிறேன். தருமபுரி பக்கம் எங்கள் தோட்டத்தில் போர்வெல் போடுகிறோம். இடம் பார்த்துக் கொடுத்த நிலவியல் வல்லுநர் சேலத்தில் இருக்கிறார். ரிக் (துளையிடும் வண்டி) பக்கத்தில் தம்பி மட்டும்தான். எந்த அடியில் நிறுத்துவது என்று போனிலேயே எப்படி முடிவெடுப்பது?

பதில்: வீடியோ காலில் தண்ணீர் பீய்ச்சுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்ப்ரசர் காற்றில் கொஞ்சத் தண்ணீரும் வெள்ளமாகத் தெரியும். ராடுக்கு ராடு (துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) கணக்குதான் வேண்டும்.

மூவரும் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழு போதும். 20 அடி ராடு ஒவ்வொன்றும் இறங்கியதும் மொத்த ஆழம், எடுத்த நிமிடம், வெள்ளைத் தாளில் வைத்த பாறைத் தூளின் படம், தண்ணீர் அளவு ஆகியவற்றைத் தம்பி அனுப்பட்டும். வல்லுநர் இவற்றைச் சேர்த்துப் பார்ப்பார். 12 நிமிடம் பிடித்த ராடு திடீரென 5 நிமிடத்தில் இறங்கி, தூளில் துருநிறச் சில்லுகள் வந்தால் அது பாறை வெடிப்பு, தண்ணீர் நடமாடிய இடம். வேகம் கூடியும் தூள் களியாக ஒட்டினால் மக்கிய பாறை. கேசிங் (துளை சரியாமல் காக்கும் குழாய்) இன்னும் இறங்க வேண்டும். தூள் மாறாமல் நேரம் மட்டும் கூடினால் பிட் (துளையிடும் முனை) தேய்ந்திருக்கலாம்.

புகை அடங்கித் தூள் ஈரமானால் உடனே சொல்லச் சொல்லுங்கள். ஈரத்தூள் இறுகினால் சின்ன ஊற்றுக்கண்கள் அடைபடும், ராடும் சிக்கும். தண்ணீர் விட்டு ஊதிச் சுத்தம் செய்த பிறகே அடுத்த ராடு.

அதிகம் ஏமாறுவது "ரெண்டு இன்ச் தண்ணி" என்ற கணக்கில்தான். 90 பாகை வி-நாட்ச் தகட்டில் (வி வடிவ வெட்டு வழியே தண்ணீர் வழியும் தகடு) 1 இன்ச் நீர் உயரம் என்பது நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர். 2 இன்ச் 48. 3 இன்ச் 130. அரை இன்ச் தப்பினால் கணக்கே மாறிவிடும். தகட்டை ஒட்டி நீர்மட்டம் தாழும். ஓரடி பின்தள்ளி, வி-யின் அடிமுனை மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அதுவும் துளையிடுவதை நிறுத்தி, 15 நிமிடம் காற்று மட்டும் ஊதிய பிறகு. முதலில் வருவது துளையில் தேங்கிய தண்ணீர்.

தேவையை முன்பே லிட்டரில் எழுதி வையுங்கள். அது கிடைத்தால், மோட்டார் மூழ்கி நிற்க இரண்டு மூன்று ராடு கூடுதலாக ஓட்டி நிறுத்தலாம். வல்லுநர் குறித்த ஆழமும் தாண்டி, 100 அடிக்கு நேரமும் தூளும் மாறவில்லை என்றால் மேலே செலவு வேண்டாம். பெரும்பாலும் 300 அடிக்குப் பிறகு அடி விலையும் ஏறும். வல்லுநர் பதில் வரும்வரை ரிக் நிற்க வேண்டும் என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.