பியர் கிட் வந்தது, ஜிஞ்சர் பியர் செய்யுங்கள்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா லீவில் வந்தபோது, வீட்டில் பியர் தயாரிக்கும் கிட் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அடியில் குழாய் வைத்த 25 லீற்றர் வாளி, மூடியில் செருகித் தண்ணீர் விட்டு வைக்கும் பிளாஸ்ரிக் குமிழ், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடி நீரமானி, ஈஸ்ட் பக்கற், 1.7 கிலோ மோல்ற் (முளைகட்டிய பார்லிப் பாகு) ரின் எல்லாம் இருக்கிறது. வீடு பரந்தனில், கிணற்றுத் தண்ணீர்தான். இந்தச் சித்திரை வெயிலில் இது சரிவருமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பியர் செய்யவென்று மோல்ற் ரின்னைத் திறக்காதீர்கள். அண்ணா இருக்கிற ஊரில் சொந்தப் பாவனைக்கு வீட்டிலேயே பியர் செய்யலாம். பிரித்தானியாவிலும் 1963 முதல் அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இலங்கையில் நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிட் பெட்டியில் அச்சடித்திருக்கும் செய்முறை அந்த நாட்டுச் சட்டத்தையும் அந்த நாட்டுக் குளிரையும் நினைத்து எழுதியது.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். இப்படியான கிட்டில் வரும் ஈஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரைதான் பிடிக்கும். பரந்தனில் சித்திரை மதியம் வீட்டுக்குள்ளேயே 33 பாகை நிற்கும். போதாததற்கு, வாளியில் 23 லீற்றர் பியர் ஒன்றாகப் புளிக்கும்போது அது தன் பாட்டில் இன்னும் சில பாகை சூடேறும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி, கனிந்த வாழைப்பழ மணத்தையும் நகப்பூச்சு வாடையையும் தரும். சட்டம் விட்டாலும் வெயில் விடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரின்னும் குமிழும் தவிர்ந்த மற்றச் சாமான் எல்லாம் ஜிஞ்சர் பியருக்கு நன்றாக உதவும். கணக்கை மட்டும் தலைகீழாகப் போட வேண்டும். ஈஸ்ட் சீனியைத் தின்று இரண்டு பொருளை விடுகிறது: மது, காபனீரொட்சைட்டு. பியர் வாளியில் அந்தக் குமிழ் வழியாக வாயு வெளியே போய்விடும், மது உள்ளே தங்கும். ஜிஞ்சர் பியரில் நமக்கு வேண்டியது வெளியே போகிற அந்த வாயுதான். மது சேர நேரம் கொடுக்கக் கூடாது. ஆகவே குமிழை எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். வாளி கலக்குவதற்கும் வார்ப்பதற்கும் மட்டும். புளிப்பது முழுக்க மூடிய போத்தலுக்குள், அதுவும் ஒரு நாளுக்குள்.

முதல் தடவை 5 லீற்றருக்கு மேல் போக வேண்டாம். உள்ளூர் இஞ்சி 200 கிராம், சீனி 500 கிராம், ஐந்தாறு தேசிக்காயின் சாறு (100 மில்லிலீற்றர் அளவு), ஒரு சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட். சந்தையில் கொழுகொழுவென்று கிடக்கிற சீன இஞ்சி என்றால் 300 கிராம் போடுங்கள். அதில் தண்ணீர் கூட, காரம் குறைவு. கறுவா, கிராம்பு போட ஆசைப்படுவீர்கள். ஒரு துண்டு, இரண்டு பூவோடு நிறுத்துங்கள். இரண்டுமே ஈஸ்ட்டை மந்தமாக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் பலருக்கு இது பிழையாய்ப் போவது அங்கேதான். உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் உங்கள் கிணறு கடினநீர். அந்தத் தண்ணீர் தேசிக்காயின் புளிப்பைத் தின்றுவிடும். குடித்தால் சப்பென்று இருக்கும். புளிப்புக் குறைந்தால் வேண்டாத பற்றீரியாவுக்கும் வசதி. பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆற விட்டு, படிவு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் ஆடாமல் வார்த்து எடுங்கள். கடினத்தில் ஒரு பங்கு அப்படியே குறையும். பூநகரி, கரையோரம் போன்ற இடங்களின் உவர்த் தண்ணீருக்கு இந்த வித்தை பலிக்காது, உப்பு கொதித்துப் போகாது. வவுனியாப் பக்கம் சில கிணறுகளில் இருக்கும் புளோரைட்டும் அப்படித்தான். அங்கெல்லாம் சுத்திகரித்து லீற்றர் கணக்கில் விற்கிற ஆர்.ஓ. தண்ணீரை வாங்குங்கள். 5 லீற்றர்தானே.

இனி அடுப்பு. இஞ்சியைத் தோல் சுரண்டி, அம்மியிலோ கிரைண்டரிலோ ஒன்றிரண்டாக இடியுங்கள். 2 லீற்றர் தண்ணீரில் இஞ்சி, சீனி, உப்பு போட்டு, மூடியபடி மெல்லிய நெருப்பில் 15 நிமிடம். மூடாவிட்டால் மணம் குசினிக்குப் போகும், போத்தலுக்கு வராது. இறக்கி அரை மணி நேரம் மூடியே வைத்து, பிறகு துணியில் வடியுங்கள். வடித்த சாற்றை 20 நிமிடம் அசையாமல் வைத்தால் வெள்ளையாக இஞ்சி மா அடியில் படியும். அதை விட்டுவிட்டு மேலே உள்ளதை வாளிக்குள் ஊற்றி, கொதித்து ஆறிய தண்ணீர் 3 லீற்றர் சேருங்கள். தேசிச்சாறு விடுவது நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டில் விட்டாலும், பிழியும்போது தோலை நசித்தாலும் கசக்கும்.

வாளியின் குழாய் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் பொருத்தியிருப்பார்கள். பியருக்கு மண்டி கீழே தங்க அது நல்லது. நீங்கள் 25 லீற்றர் வாளியில் 5 லீற்றர்தான் விடுகிறீர்கள், கடைசி ஒன்றரை லீற்றர் குழாய்க்கு எட்டாது. பின்பக்கம் ஒரு பலகைத் துண்டை வைத்து வாளியை முன்பக்கம் சரித்துவிட்டால் சரி.

ஈஸ்ட்டுக்கு வருவோம். கிட்டில் வந்த பக்கற் விமானத்திலும் அலுமாரியிலும் வெக்கையைத் தாங்கியிருக்குமா என்பதை முதலில் பாருங்கள். அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியைக் கரைத்து, கால் தேக்கரண்டி ஈஸ்ட்டைத் தூவுங்கள். ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டால் சூடு தெரியக் கூடாது, அதுதான் அளவு. கால் மணி நேரத்தில் மேலே ஆடை போல நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. அரை மணி நேரமாகியும் அசைவே இல்லை என்றால் வீசிவிட்டு, கடையில் பாணுக்கு விற்கிற உலர் ஈஸ்ட்டை வாங்குங்கள். பியர் ஈஸ்ட்டில் பாண் வாசம் குறைவு, மண்டியும் போத்தலின் அடியில் இறுகிக் கிடக்கும். வேலை இரண்டும் ஒன்றுதான்.

அப்பமாவுக்கு விடுகிற கள்ளை இதற்கும் விட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். விடாதீர்கள். முட்டியில் சுண்ணாம்பு பூசாமல் இறக்கிய பனஞ்சாறு மதியத்துக்குள் நுரைத்துக் கள்ளாவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஈஸ்ட் மட்டும் இல்லை, வினாகிரிப் பற்றீரியாவும் சேர்ந்தே இருக்கிறது. அப்பச்சட்டியின் சூட்டில் அது செத்துப்போகும்; போத்தலுக்குள் சாகாது.

ஈஸ்ட்டை வாளியில் விட்டு, கொதிநீரில் கழுவிய நீளக் கரண்டியால் கலக்கி, உடனே வார்த்துவிடுங்கள். போத்தல் சோடா விற்ற பிளாஸ்ரிக் போத்தலாக இருக்க வேண்டும். சாராயப் போத்தல், தேன் போத்தல், சோஸ் போத்தல் எதுவும் வேண்டாம். அவை அமுக்கத்துக்குச் செய்தவை அல்ல. வெடித்தால் சிதறுவது கண்ணாடி. தண்ணீர் விற்கிற மெல்லிய பிளாஸ்ரிக் போத்தலும் உதவாது. பிளாஸ்ரிக்கைக் கொதிநீரில் கழுவினால் சுருங்கும். சலவைக்கு விற்கிற குளோரீன் திரவத்தை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கலந்து பத்து நிமிடம் ஊற விட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அந்தக் கையோடு தேசிக்காய், வினாகிரி எதையும் குளோரீனில் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு, மூடியை இறுக்குங்கள். பழைய மூடியின் உள்வளையம் தேய்ந்திருந்தால் வாயு தங்காது.

போத்தல்களை வெயில் படாத மூலையில், ஒரு பெரிய வாளிக்குள் நிறுத்தி ஈரச்சாக்கால் மூடுங்கள். இனி மணிக்கூட்டை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். வார்த்தவுடன் போத்தலை அழுத்தினால் உள்ளே போகும். சித்திரையில் எட்டு மணி நேரத்திலிருந்தே இரண்டு மணிக்கொருதரம் அழுத்திப் பாருங்கள். திறக்காத சோடாப் போத்தல் மாதிரி விரல் உள்ளே போகாமல் நின்றால் முடிந்தது. பெரும்பாலும் 10 முதல் 16 மணி நேரத்தில் வந்துவிடும். மார்கழி, தையில் ஒன்றரை நாள்கூட ஆகலாம். காலையில் வார்த்தால் இரவு படுக்கமுன் பார்த்துவிடலாம். இரவில் வார்த்துவிட்டுத் தூங்கினால் விடியும்போது போத்தலின் அடி புடைத்து நிமிர்ந்து நிற்கும். அப்படி நின்றால் திறக்க அவசரப்படாமல், முகத்தை விலக்கி, மூடியை ஒரு கீறல் மட்டும் திருகி வாயுவை விட்டு விட்டு இறுக்குங்கள்.

இறுகியதும் பிரிஜ்ஜுக்குள் போக வேண்டும், குறைந்தது 12 மணி நேரம். குளிரில்தான் வாயு திரவத்தில் கரையும். ஆறாத போத்தலைத் திறந்தால் பாதி கூரைக்குப் போகும். பிரிஜ் ஈஸ்ட்டைத் தூங்க வைக்கிறது, கொல்வதில்லை. ஆகவே இரண்டு நாளுக்கொருதரம் அழுத்திப் பார்த்து, ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். கறண்ட் நாலைந்து மணி நேரம் நின்றால் அன்றைக்குக் கட்டாயம் பாருங்கள். பிரிஜ்ஜே இல்லாத வீட்டுக்கு இந்த முறை சரிவராது. அங்கே இஞ்சிப் பாகை மட்டும் காய்ச்சி வைத்து, கடைச் சோடாவில் கலக்குங்கள். அதில் ஈஸ்ட்டும் இல்லை, மதுவும் இல்லை. விரதகாரருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் எப்படியும் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஏனென்றால் போத்தலில் புளித்ததில் அரை சதவீதம் அளவு மது நிச்சயம் சேரும், வெளியே விட்டு வைத்தால் ஒன்றைத் தாண்டும்.

அதை அளக்கத்தான் கிட்டின் நீரமானி. வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும். லீற்றருக்கு 100 கிராம் சீனி என்றால் 1.038 அளவில் நிற்க வேண்டும். மானியில் எழுதியுள்ள வெப்பநிலையைப் பாருங்கள், பெரும்பாலும் 20 பாகை. உங்கள் சாறு 32 பாகையில் இருந்தால் மூன்று புள்ளி குறைத்து 1.035 என்று காட்டும், பயப்பட வேண்டாம். இறுகிய போத்தலில் கொஞ்சம் எடுத்து, இரண்டு கோப்பைகளுக்கிடையே பல முறை மாற்றி ஊற்றி வாயுவை அடியோடு போக்கி, முன்பு அளந்த அதே வெப்பநிலைக்கு வந்ததும் மறுபடி மிதக்க விடுங்கள். வாயு இருந்தால் குமிழிகள் மானியில் ஒட்டித் தூக்கிவிடும், கணக்குப் பிழைக்கும். நாலு புள்ளி இறங்கியிருந்தால் மது அரை சதவீதம். எட்டு இறங்கியிருந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள்.

பிழைகள் பெரும்பாலும் மணத்திலேயே தெரியும். பாண் வாசம் தூக்கினால் ஈஸ்ட் கூடிவிட்டது. அழுகிய முட்டை மணம் லேசாக வந்தால் அது ஈஸ்ட்டின் முணுமுணுப்பு, கோப்பையில் ஊற்றி வைத்தால் போய்விடும். வினாகிரி மணம் என்றால் கழுவியது போதாது, அல்லது மூடி கசிந்து காற்றுப் புகுந்திருக்கிறது. ஊற்றும்போது நூல் இழுத்துக் கொழகொழவென்று வந்தால் பற்றீரியா சீனியைப் பசையாக்கிவிட்டது. அதையும், மேலே பூஞ்சணம் கட்டியதையும் ருசி பார்க்காமல் கொட்டுங்கள். ஒரே வாளியில் இரண்டு முறை இப்படி வந்தால் வாளியின் உட்சுவரைப் பாருங்கள். கம்பிப் பஞ்சால் தேய்த்த கீறல்களுக்குள் அவை குடியிருக்கும். கீறிய வாளி நெல் அளக்கத்தான் உதவும். குழாயையும் ஒவ்வொரு முறையும் கழற்றி, றப்பர் வளையத்தின் உட்பக்கம் வரை கழுவுங்கள். இஞ்சி மா அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

மோல்ற் ரின் வீணாகாது. பியருக்கான மோல்ற் என்பதால் அதில் ஹொப்ஸ் என்ற பூவின் கசப்புச் சேர்ந்திருக்கும், பாலில் கலந்து குடிக்க முடியாது. ஒரு கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி விட்டால் வீட்டுப் பாணுக்கு நல்ல நிறம் வரும், அதற்கு மேல் விட்டால் கசக்கும். திறந்த ரின்னைப் பிரிஜ்ஜில் வையுங்கள், அலுமாரியில் வைத்தால் ஒரே இரவில் எறும்பு கண்டுபிடித்துவிடும். அண்ணா அடுத்த முறை வரும்போது ரின் வேண்டாம், சோடாப் போத்தலுக்குப் பொருந்தும் புது மூடிகள் ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள்.