கேலிக்கு ஒரு முறை வேண்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மீம் வந்தது. கூம்புத் தொப்பி போட்ட ஒரு பெண், கண்கள் வெறும் கோடாக. கீழே, 'சைனா பொண்டாட்டி: கேரண்டி கிடையாது, கேள்வியும் கேட்காது'. எல்லோரும் சிரித்தார்கள், நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். செக்கிங்கில் இருக்கும் மணிப்பூர்ப் பெண் எட்டிப் பார்த்து, 'அக்கா, என்ன போட்டிருக்கு?' என்று கேட்டாள். 'ஒன்னுமில்ல' என்று போனைக் கவிழ்த்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. குழுவிலிருந்து விலகிவிடலாமா? கூட வேலை செய்யும் அண்ணன், 'இது கோயமுத்தூர்க் குசும்பு, மலையாளியையும் சேட்டையும்கூடத்தான் கிண்டல் பண்றோம், பெரிசு பண்ணாதே' என்கிறார். மீமும் ஒரு கலைதானே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

கலையா இல்லையா என்பதை விடுங்கள், அதற்கு இப்போது அவசரமில்லை. மலையாளியையும் சேட்டையும் கிண்டல் பண்ணுவது ஒரு பதிலே இல்லை. எனக்குச் சுட்டது உங்கள் 'ஒன்னுமில்ல'தான்.

ஆனால் அதற்கு முன்னால், குசும்பு என்று சொல்லி நம் ஊர்ப் பெயரை இதில் இழுக்கிறாரே அந்த அண்ணன், அதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. நான் பெருந்துறைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கேலிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மாமனும் மச்சானும் உட்கார்ந்தால் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டே இருப்பார்கள், நங்கையாவிடம் சிக்கிய கொழுந்தனார் பாடு பெரும்பாடு. ஆனால் எல்லாம் முறைக்காரர்களுக்குள்தான். பங்காளி வீட்டில் அந்தப் பேச்சைப் பேசிவிட முடியாது. 'மொறையில்லாத எடத்துல வாயைத் தொறக்காதே சாமி' என்று என் அமுச்சி தலையில் குட்டியிருக்கிறாள். கேலிக்கு ஆளானவர் எதிரிலேயே இருப்பார், அடுத்த நொடியே திருப்பிக் கொடுப்பார், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், அப்புறம் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உங்கள் மீமில் யாருக்கு யார் என்ன முறை? வரைந்தவன் யாரென்று தெரியாது, அனுப்பியவன் 'எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்' என்பான், வரையப்பட்டவள் அந்தக் குழுவில் இல்லை, பக்கத்தில் நின்றவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திருப்பிக் கொடுக்க வழியே இல்லாதவளைப் பேசுவதைக் குசும்பு என்று சொல்லாதீர்கள், அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அந்தக் கோட்டுக் கண்ணும் புதிதில்லை. 1875-ல் அமெரிக்காவில் பேஜ் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். விபசாரத்துக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுக்கிற சட்டம் என்று பேர், நடந்ததென்னவோ சீனத்திலிருந்து கப்பலேற வந்த பெண்கள் எல்லோரையுமே அப்படிப்பட்டவர்கள் என்று சந்தேகப்பட்டு நிறுத்தி விசாரித்தது. சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்ற சட்டம் 1882-ல்தான் வந்தது, அதற்கு ஏழு வருஷம் முன்பே பெண்கள்மேல் கை வைத்துவிட்டார்கள். 2021 மார்ச்சில் அட்லாண்டா பக்கம் மசாஜ் நிலையங்களில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான், ஆறு பேர் ஆசிய வம்சாவளிப் பெண்கள். தன்னைச் சபலப்படுத்தும் இடங்களை ஒழிக்க நினைத்ததாகப் போலீசிடம் சொன்னான். பெண்ணை ஐட்டமாகப் பார்ப்பது அங்கே கொண்டுபோய் விடுகிறது. உங்கள் மீமும் கேரண்டி இல்லாத சரக்கு என்றுதானே சொல்கிறது?

இன்னொன்று. ஆசியப் பெண் என்றதும் உங்களுக்கு ஏன் தொப்பிக்காரி ஞாபகம் வருகிறாள், நீங்கள் ஏன் வரவில்லை? இங்கிலாந்தில் ஆசியர் என்று சாதாரணமாகப் பேசினால் அது நம்மைத்தான் குறிக்கும்.

சரி, எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச், ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால். அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைன் வீடுகள், ஒன்றில் மணிப்பூர்ப் பெண்கள் மூன்று பேர். ஒரு சீனப் பெண் வௌவாலைக் கடிக்கிற வீடியோ அப்போது எல்லாப் போனிலும் இருந்தது, வூஹானில் எடுத்தது என்று போட்டு. உண்மையில் அது 2016-ல் பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் தீவில் ஒரு பயண நிகழ்ச்சிக்காக எடுத்தது. அந்தப் பெண் மன்னிப்பும் கேட்டார், அதை யார் அனுப்பினார்கள்? வீடியோவை மட்டும் அனுப்பினார்கள். எங்கள் குழாயடியில் தண்ணீர் வந்தபோது, முதலில் குடம் வைத்திருந்த அந்தப் பெண்களைப் பார்த்து, 'அந்தப் புள்ளைக கடைசியா புடிக்கட்டும்' என்றது ஒரு குரல். சின்னவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். 'நாங்க மூணு வருசமா இங்கதான் இருக்கோம் அக்கா' என்றாள், நல்ல தமிழில். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. நான் மொட்டை மாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ என் போனிலும் இருந்தது, கடைசி வரைக்கும் பார்த்திருந்தேன். கீழே இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழுவிலிருந்து விலகுவது உங்கள் இஷ்டம், விலகினால் நாலு பேர் கவனிப்பார்கள், மறந்துவிடுவார்கள். அந்தப் பெண் உங்களிடம் கேட்டாளே, அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. நாளைக்கு டீ நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, படத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள், நீங்கள் சிரிப்புப் பொம்மை போட்டதையும் சேர்த்து. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள் கண்ணு. அவள் என்ன சொன்னாள் என்று, அவளுக்குச் சம்மதமென்றால் மட்டும், எனக்கு எழுதுங்கள்.