இருட்டில் தூக்கி வந்தவர்கள்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் லான்காஸ்டரில் முதுகலை படிக்கிறான். சென்ற அக்டோபரில் நண்பர்கள் நால்வராக லேக் டிஸ்ட்ரிக்ட் மலைக்குப் போனபோது, இறங்கும் வழியில் ஒரு பையனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. போலீஸை அழைத்தால் வம்பு வருமோ, ஹெலிகாப்டர் வந்தால் லட்சக்கணக்கில் கேட்பார்களோ என்று பயந்து, இரண்டு மணி நேரம் மழையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அழைத்ததும் பதினைந்து பேர் வந்து, அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு காசும் வாங்காமல் போய்விட்டார்களாம். அவர்கள் அரசாங்க ஆட்களா? நாங்கள் எப்படி நன்றி சொல்வது?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், அந்த மலையைச் சுற்றி வாழும் ஊர்க்காரர்கள். ஆசிரியராகவும் ஆடு வளர்க்கும் விவசாயியாகவும் மருத்துவராகவும் மின்பணியாளராகவும் தத்தம் வேலையைப் பார்ப்பவர்கள், செல்போனில் செய்தி வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி வருகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. வண்டி, ஸ்ட்ரெச்சர், கயிறு, மருந்து எல்லாம் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையில்தான் வாங்கப்படுகின்றன. மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்தாலும் அப்படியே.

லேக் டிஸ்ட்ரிக்டில் இத்தகைய குழுக்களில் ஒன்று ஒரு விபத்திலிருந்து பிறந்தது. பின்னாளில் 1953 எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற வில்ஃப்ரிட் நாய்ஸ், 1946இல் லேக் டிஸ்ட்ரிக்டின் கிரேட் கேபிள் மலையில் விழுந்து கால் முறிந்தார். அவரை இறக்கிக் கொண்டுவருவது இரவெல்லாம் நீண்ட பெரும்பாடாயிற்று. அதில் பங்குகொண்ட ரஸ்டி வெஸ்ட்மோர்லண்ட், பயிற்சி பெற்ற ஆட்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கருதி உள்ளூர் மலையேறிகளைத் திரட்டினார். அங்குள்ள கெஸ்விக் என்ற ஊரின் இன்றைய மீட்புக் குழு அப்படித் தோன்றியதுதான்.

போலீஸ் என்றதும் பிள்ளைகள் தயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பிரிட்டனில் மலையில் சிக்கியவரைத் தேடி மீட்கும் பொறுப்பு காவல்துறையுடையது. அதுதான் தன்னார்வக் குழுவை வரவழைக்கிறது. அதனால்தான் 999 எண்ணை அழைத்து, முதலில் போலீஸையும் பிறகு ‘மவுன்டன் ரெஸ்க்யூ’வையும் கேட்க வேண்டும் என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். விசாவுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். முறிந்த கால் ஆறிவிடும். ஆனால் நனைந்த உடையோடு காற்றில் அசையாமல் கிடப்பவரின் உடல் சூடு இறங்கிக்கொண்டே போனால், நடுக்கம் வந்து, பேச்சுக் குழறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். வருகிறவர்கள் முதலில் செய்வதும் அதைத் தடுப்பதைத்தான்: சிறு கூடாரத்துணி ஒன்றை எல்லோருக்கும் மேலாகக் கவிழ்த்து, அதற்குள்ளேயே காலுக்குக் கட்டுப் போட்டு, வலி தணிய மருந்து கொடுத்து, தடித்த பைக்குள் கழுத்துவரை பொதிந்து, அதன் பின்னரே ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறார்கள். பக்கத்துக்கு மூவர் நால்வராகப் பிடிக்க, சரிவான இடத்தில் மேலிருந்து சிலர் கயிற்றை இழுத்துப்பிடிக்க, தலைவிளக்கு வெளிச்சத்தில் ஈரப் பாறைமேல் அடி அடியாக இறங்குவார்கள். கை சோர்ந்தவர் விலக, அடுத்தவர் தோள் கொடுப்பார். ஒரு கணுக்காலுக்குப் பதினைந்து பேர் எதற்கு என்று இனித் தங்களுக்குக் கேட்கத் தோன்றாது.

நன்றியை அந்தக் குழுவுக்கே நேரடியாகத் தெரிவிக்கலாம். இயன்ற நன்கொடையை அவர்களது இணையதளம் வழியாக அனுப்பலாம். அதோடு அந்தப் பையனையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் கதவு சாத்தியபிறகு அவன் என்ன ஆனான், கால் கூடிற்றா என்பது தூக்கி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரியவராது.

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகிறாள். மலையில் சிக்னல் இல்லாவிட்டால் எப்படி உதவி கேட்பது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பையில் ஒரு விசிலும் தலைவிளக்கும் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, அல்லது விளக்கை ஆறு முறை மின்னவிட்டு, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் அப்படியே செய்ய வேண்டும். மூன்று முறை ஊதும் ஓசை கேட்டால் அதுவே பதில். அதன் பிறகும் நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வந்து சேர வேண்டும். பேச முடியாத அளவு சிக்னல் மெலிந்திருந்தாலும் சில நேரம் குறுஞ்செய்தி போய்விடும். அதற்கு, புறப்படும் முன்பே ‘ரிஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி எண்ணைப் பதிந்துவைக்க வேண்டும். மீட்புக் குழு ஓர் இணைப்பை அனுப்பினால், அதைத் தொட்டதும் அவள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எந்த வழியில் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதை அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.