சாப்பாட்டு மேசையில் லீஃப்ஸ் கதை: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: ஸ்காபரோவில் வெயர்ஹவுஸ் வேலை தொடங்கி இரண்டு மாதம். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹொக்கிக் குழுவின் பழைய ஆட்டக்காரரையும் அவர்களுடைய அடிபாடுகளையும் பற்றியே கதைக்கிறார்கள், ஒன்றும் பிடிபடுவதில்லை. விளையாட்டில் கைநீட்டினவனை எங்கட ஊரில் வெளியே போடுவார்கள், இங்கே ஏன் கொண்டாடுகிறார்கள்? எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உச்சரிப்பு. இலையின் பன்மை என்று நினைத்து 'லீவ்ஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். குழுவின் பெயர் 'லீஃப்ஸ்'. அந்த ஒரு சொல்லிலேயே நேற்று வந்தவர் என்று பிடித்துவிடுவார்கள்.

அடுத்தது ஒரு ஆண்டு, 1967. லீஃப்ஸ், என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் கிண்ணமான ஸ்ரான்லி கப்பை 13 முறை எடுத்த குழு. கடைசியாக எடுத்தது அந்த வருஷம், மொன்றியலை வென்று. அதற்குப் பிறகு இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. கொண்டாடக் கப் இல்லாத ஊர் ஆட்களைத்தான் கொண்டாடும். அடிபாட்டுக் கதைகள் இங்கே இவ்வளவு செழித்ததற்கு, என் கணிப்பில், பாதிக் காரணம் அதுதான். காலையில் ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பி வாங்குகிறீர்களே, அந்த ரிம் ஹோர்ட்டன் லீஃப்ஸின் தடுப்பாட்டக்காரர். 1962, 1963, 1964, 1967 என்று நான்கு கப்பிலும் இருந்தவர், 1974இல் கார் விபத்தில் இறந்தார். பெரும் பலசாலி. ஆனால் குத்துவதைவிட, அடிபட வருகிறவரைக் கட்டிப்பிடித்து இறுக்கி அடக்குவதுதான் அவர் வழக்கம் என்பார்கள்.

பிறகு நம்பர்கள். யார் எந்த நம்பர் ஜேர்சி போட்டு வருகிறார் என்று பாருங்கள், அவருடைய வயதும் தெரியும், எந்தக் கதையைத் தொட்டால் வாய் திறப்பார் என்பதும் தெரியும். 27 என்றால் அநேகமாக டரில் சிட்லர். 1976 பெப்ரவரி 7, பொஸ்ரனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 6 கோலும் 4 உதவியுமாக 10 புள்ளி எடுத்தவர், என்.எச்.எல்.லில் அதை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை. 17 வென்டல் கிளார்க், 93 டக் கில்மர், 13 மட்ஸ் சுண்டீன், 28 ரை டொமி. 34 போட்டிருப்பவர் இன்றைய மத்தியூஸின் ஆள், அவரிடம் பழங்கதை கேட்டுப் பயனில்லை.

17ஓ 93ஓ போட்டவரிடம் '1993' என்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் இடைவேளை முடிந்துவிடும். கதை இதுதான். மே 17, லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுடன் அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டம். லீஃப்ஸ் 4-1 என்று வென்றுகொண்டிருக்க, கடைசி நிமிடங்களில் மார்ட்டி மக்சோர்லி நடு ஐஸில் கில்மரை முழங்கையால் விழுத்தினார். மக்சோர்லி யாரென்றால், வேய்ன் கிரெட்ஸ்கியின் காவல்காரர். 1988இல் கிரெட்ஸ்கி எட்மன்டனிலிருந்து விற்கப்பட்டபோது அவரோடு சேர்ந்தே போனவர். கில்மர் அந்த வருஷம் 127 புள்ளி எடுத்த ஆள், குழுவின் உயிர்நாடி. கப்டன் கிளார்க் ஒரு கணமும் யோசிக்கவில்லை, தன்னைவிட உயரமும் எடையும் கூடின மக்சோர்லியோடு நேரே பொருதினார். மக்சோர்லியின் கண் வீங்கிப் போனது. பயிற்சியாளர் பற் பேர்ன்ஸ் எதிரணிப் பயிற்சியாளரைப் பிடிக்க அந்தப் பக்க வாங்குக்கே பாய்ந்தார்.

உங்கள் கேள்விக்கு விடை இந்த அடிபாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிளார்க்கைக் கொண்டாடுவது அவர் அடித்ததற்காக இல்லை, யாருக்காக இறங்கினார் என்பதற்காகத்தான். கோல் போடுகிற ஆளைத் தொட்டால் கணக்குத் தீர்க்க ஒருவர் வருவார் என்பது எழுதாத சட்டம். அதற்கென்றே குழுவில் வைத்திருந்த ஆளுக்கு என்ஃபோர்சர் என்று பெயர். கிளார்க்கின் தனிச்சிறப்பு, அவர் அதற்கென்று மட்டும் இருந்தவரில்லை, கோலும் போடுவார். அதே தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார்.

அந்த ஆறாவது ஆட்டம்தான் ஆறாத புண். தொடரில் லீஃப்ஸ் 3-2 என முன்னால். மேலதிக நேரத்தில் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மரின் தாடையைக் கிழித்தது. நடுவர் கெரி ஃபிரேசர் பெனால்டி கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி வெற்றிக் கோலைப் போட்டார். ஏழாவது ஆட்டத்திலும் மூன்று கோல், லீஃப்ஸ் வெளியே. ஃபிரேசரின் பெயரை மேசையில் எடுப்பதென்றால் சாப்பிட்டு முடித்த பிறகு எடுங்கள்.

அடுத்த வருஷமே கிளார்க்கைக் கியூபெக்குக்குக் கொடுத்து சுண்டீனை எடுத்தார்கள். அன்று பலர் கொதித்தார்கள். சுண்டீன் 987 புள்ளியோடு குழுவின் சாதனையாளராக நின்றார். இரண்டு பக்கத்திலும் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் நடுவில் போய் மாட்டாதீர்கள்.

28 போட்டவர் என்றால் கதை வேறு ருசி. ரை டொமி கட்டை, தலை பெரிது, எவ்வளவு அடி வாங்கினாலும் சிரிப்பார். வாழ்நாளில் பெனால்டியாக, அதாவது தண்டனையாக, வாங்கியது 3,515 நிமிடம், என்.எச்.எல். வரலாற்றில் மூன்றாவது இடம். அதில் லீஃப்ஸுக்காக மட்டும் 2,265. 2001 மார்ச்சில் பிலடெல்பியாவில் பெனால்டி பொக்ஸில், அதாவது தண்டனை வாங்கினவர் இருக்கும் பெட்டியில் இருந்தபடி, திட்டின ரசிகர்கள் மேல் தண்ணீர் பீச்சினார். ஒருவர் கண்ணாடிக்கு மேலால் சாய, கண்ணாடி கழன்று ஆள் பொக்ஸுக்குள்ளேயே விழுந்தார், டொமி அவரையும் விடவில்லை. ஆனால் அதே ஆண்டு மே மாதம் நியூ ஜேர்சியின் ஸ்கொட் நீடர்மயரைப் பந்து பக்கத்திலேயே இல்லாதபோது முழங்கையால் அடித்து மயக்கி விழுத்தினதை டொமியின் ஆட்களும் நியாயப்படுத்த மாட்டார்கள். (பந்து என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், ஹொக்கியில் அது ஒரு தட்டையான ரப்பர் வட்டு, நீங்கள் 'பக்' என்று சொல்லுங்கள்.) முகத்துக்கு முகம் நின்று, இருவரும் கையுறையைக் கழற்றிப் போட்டால் அது சண்டை. பார்க்காதவனை அடித்தால் கோழைத்தனம். இந்த வேறுபாடு விளங்கினால் மேசையில் பாதி வாக்குவாதம் விளங்கிவிடும்.

கோல்காப்பாளர் இருவர் சண்டைபிடிப்பது மிக அபூர்வம். 1996 நவம்பர் 10, பிலடெல்பியாவின் ரொன் ஹெக்ஸ்ரல் ஐஸின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை சறுக்கி வந்து, சாதுவான ஃபீலிக்ஸ் பொட்வினோடு கொளுவினார். வாங்கிக்கட்டியது ஹெக்ஸ்ரல்.

ரிவியில் பார்க்கும்போது குழப்புவது தண்டனைக் கணக்கு. சண்டைக்கு ஆளுக்கு 5 நிமிடம். இருவரும் ஒன்றாகப் போவதால் ஐஸில் ஆள் குறையாது, இரு பக்கமும் ஐந்துக்கு ஐந்துதான். தொடக்கிவைத்தவர் என்று நடுவர் தீர்மானித்தால் அவருக்கு மேலதிகமாக 2 நிமிடமும் 10 நிமிட மிஸ்கொன்டக்டும் (ஆளை மட்டும் வெளியே இருத்தும் தண்டனை). அந்த 2 நிமிடம் மட்டும் அவருடைய குழு ஒரு ஆள் குறைவாக ஆடும். இருவர் சண்டைக்குள் மூன்றாமவர் புகுந்தால் ஆட்டத்திலிருந்தே வெளியே. வாங்கிலிருந்து பாய்ந்து முதலில் வருகிறவருக்கு 10 ஆட்டத் தடை. 2013இல் பஃபலோவுடனான முன்பருவ ஆட்டத்தில், ஃபில் கெசலைக் காப்பாற்ற டேவிட் கிளார்க்சன் அப்படிப் பாய்ந்து, புதிதாக வந்த குழுவில் முதல் 10 ஆட்டத்தையும் இழந்தார். ஜேர்சியின் பின்பக்கத்தில் உள்ள பட்டி காற்சட்டையோடு கொளுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரி அதைத் தலைக்கு மேலால் இழுத்துக் கையைக் கட்டிப்போட்டுவிடுவார். லைன்ஸ்மன் எனப்படும் துணை நடுவர் இருவரும் உடனே விலக்கமாட்டார்கள், ஒருவர் விழும்வரை பொறுத்திருந்து அப்போதுதான் புகுவார்கள்.

இன்று சண்டை வெகுவாகக் குறைந்துவிட்டது. அடிக்க மட்டும் தெரிந்த ஒருவருக்கு இடமும் சம்பளமும் ஒதுக்கக் குழுக்கள் விரும்புவதில்லை, மாறிமாறி இறங்கும் ஆட்டக்காரரில் கடைசியான நாலாவது வரிசையும் வேகமாகச் சறுக்க வேண்டும். தலைக்காயம் பற்றிய பயமும் உண்டு. ஒன்ராறியோவில் ஒரு இளம் ஆட்டக்காரர் சண்டையில் ஹெல்மெட் கழன்று தலை ஐஸில் அடிபட்டு 2009 ஜனவரியில் இறந்தார். 2013 முதல் என்.எச்.எல்.லில் சண்டைக்கு முன் தன் ஹெல்மெட்டைத் தானே கழற்றினால் 2 நிமிடம். 2011இல் முன்னாள் லீஃப்ஸ் வீரர் வேட் பெலாக் இறந்தபோது, அடிபடுவதற்கென்றே குழுக்கள் வைத்திருந்த ஆட்களின் வாழ்க்கை பற்றி இந்த ஊர் நிறையப் பேசியது. அந்தப் பெயர் வந்தால் பகிடி விடாதீர்கள்.

பகிடி விட ஒரு இடம் உண்டு: '4-1'. 2013 மே 13, பொஸ்ரனில் ஏழாவது ஆட்டம், மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னால் நின்று 5-4 எனத் தோற்றார்கள். இதை லீஃப்ஸ் ரசிகர்கள் தாங்களே சொல்லிச் சிரிப்பார்கள், மொன்றியல் தொப்பி போட்டவர் சொன்னால் சிரிக்கமாட்டார்கள். நீங்கள் ஒரு சீசனாவது பொறுங்கள்.

டிக்கெட் விலை எட்டாது. மார்லீஸ் என்ற இவர்களுடைய கீழ்நிலைக் குழு எக்ஸிபிஷன் பிளேஸில் ஆடுகிறது, அது மலிவு. கிளார்க்கும் கில்மரும் ஆடிய பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸ், காலேஜ் சப்வேயில் இறங்கி நடக்கிற தூரத்தில், கார்ல்ரன் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது. 1999இல் குழு வெளியேறிவிட்டது. இப்போது கீழே லொப்லோஸ் மளிகைக்கடை. உள்ளே தட்டுகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், நடு ஐஸ் இருந்த இடம் அது.