“நாள் பூரா இடுப்பு நெனப்புதான்… இன்னும் எதுக்கு டாக்டர் உடம்பைக் கவனிக்கணும்?”

கேள்வி: எனக்கு வயசு 46. குடியாத்தம் பக்கத்துல கிராமம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து பீடி சுத்துறேன். நாலு வருஷமா இடுப்பு நோவு. ஸ்கேன் பார்த்துட்டு, “வயசுக்கேத்த தேய்மானம்தான், ஆபரேஷன் தேவையில்லை”ன்னு சொல்லிட்டாங்க. போன மாசம் வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. அங்க 37 கேள்வி இருந்த தாள் ஒண்ணு கொடுத்தாங்க. பதட்டமா இருந்தா மூச்சு மாறுறது தெரியுதா, உடம்பை நம்புறீங்களான்னெல்லாம் கேள்வி. என் பொண்ணுதான் படிச்சுக் காட்டி நிரப்பினா. அப்புறம் ரெண்டு முனை இருக்கிற கருவியை முதுகுல வெச்சு “ஒண்ணா, ரெண்டா”ன்னு கேட்டாங்க. “தொட்டுப் பாக்காம, உள்ளுக்குள்ள எப்படித் தோணுதோ அப்படியே உங்க முதுகை வரைங்க”ன்னாங்க. மேல்பக்கம் வரைஞ்சேன், நோவு இருக்கிற இடம் வரவே இல்லை. தாள்ல கவனித்தல் 4.5, கவலைப்படாமை 1.2, நம்பிக்கை 1னு போட்டிருக்கு. நான் ஃபெயிலா? எனக்கு மனநோய்னு நினைக்கிறாங்களா? நாள் பூரா இடுப்பு நெனப்பாவே கிடக்கறவளுக்கு உடம்பைக் கவனிக்கச் சொல்லித் தர்றது எதுக்கு? பீடி வேலையை விட்டுடணுமா?

பதில்: ஃபெயில் இல்லை அம்மா. இந்தத் தாளுக்குப் பாஸ் மார்க்கே கிடையாது. உங்களை மனநோயாளி என்றும் யாரும் நினைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அது அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் முதுகெலும்பை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வது பாதி வைத்தியம்தான். நரம்பு மண்டலமும் மூளையும் அந்த இடுப்பை எப்படிக் கணக்கில் வைத்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். உங்களுக்குச் செய்த மூன்று சோதனைகளும் அதற்காகத்தான்.

ஆனால் உங்கள் கடைசிக்கு முந்தைய கேள்வி இருக்கிறதே, அதுதான் சரியான கேள்வி. நாள் முழுக்க வலியையே நினைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் “உடம்பைக் கவனியுங்கள்” என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். இதை விளக்காமல் தாளை நீட்டினால் நோயாளி கோபித்துக்கொள்வதில் தப்பே இல்லை.

அந்தத் தாளை முதலில் பார்ப்போம். அதன் பெயர் எம்.ஏ.ஐ.ஏ. (MAIA). உடம்புக்குள் நடப்பதை ஒருவர் எப்படி உணர்கிறார் என்று பார்க்கிற தாள் அது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் டாக்டர் வுல்ஃப் மேலிங் குழுவினர் 2012-இல் வெளியிட்டார்கள். அப்போது 32 கேள்விகள். 2018-இல் திருத்தி 37 ஆக்கினார்கள். உங்களுக்குக் கொடுத்தது அந்தத் திருத்திய தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘எப்போதும்’ என்றால் 5. கேள்விகளை எட்டுப் பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி போடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே மொத்த மார்க் சொல்வதில்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது. ‘உடம்பைப் பற்றிய கவனம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது உண்மையில் ஒன்றல்ல.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கவனித்தல்’ 4.5. உடம்பில் நடப்பது உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. மூச்சு, படபடப்பு, எங்கே பிடிக்கிறது, எங்கே இழுக்கிறது, எல்லாமே. ‘கவலைப்படாமை’ 1.2. இந்தப் பெயர் பலரைக் குழப்புகிறது. இதில் பல கேள்விகளுக்கு மார்க்கைத் தலைகீழாகப் போடுவார்கள். எண் குறைந்தால் கவலை கூடுதல் என்று அர்த்தம். லேசாகச் சுளுக்கென்றாலே “அய்யோ, டிஸ்க் போயிடுச்சோ” என்று மனசு ஓடுகிறது இல்லையா, அதைத்தான் இது காட்டுகிறது. ‘நம்பிக்கை’ 1. என் உடம்பு எனக்குப் பாதுகாப்பான இடம், அது சொல்வதை நான் நம்பலாம் என்ற உணர்வு ஏறக்குறைய இல்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே கிடைக்கிறது. உங்களுக்குக் கவனம் குறைவாக இல்லை. அந்தக் கவனம் பயத்தோடு இருக்கிறது. பால் எப்போது பொங்கிவிடுமோ என்று அடுப்பருகே நிற்பதும், வெல்லப்பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று விரலில் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றா? நாள்பட்ட வலிக்காரர்களிடம் முதல் வகைக் கவனம் மிதமிஞ்சிப்போகிறது. இரண்டாவது வகை காய்ந்துபோகிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரப் பார்ப்பது இரண்டாவதை. ‘கவனித்தல்’ எண் ஒன்றை மட்டும் அளந்திருந்தால் உங்களை ‘உடல் உணர்வு பிரமாதம்’ என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

‘திசைதிருப்பாமை’ என்று ஒரு பிரிவு உண்டு. வலியை ஒதுக்கித் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கிற பழக்கம் எவ்வளவு என்று அது கேட்கிறது. இதிலும் மார்க் தலைகீழ்தான், எண் குறைந்தால் ஒதுக்கித் தள்ளுவது கூடுதல். உங்கள் எண்ணை எழுதவில்லை. குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கணக்கு முடிகிறவரை இடுப்பு கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது. முடித்து எழுந்திருக்கும்போது மொத்தமாக வட்டி போட்டு வாங்கிக்கொள்ளும். ஆக, ராத்திரி பூரா வலியை நினைத்துப் பயப்படுகிற அதே ஆள், பகல் பூரா வலியை மறுக்கிற ஆளாகவும் இருக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிற பெண்களிடமும் இதையேதான் பார்க்கிறேன். இந்தப் பிரிவை வைத்து யாரையும் குறை சொல்ல நான் தயாரில்லை. சில நேரம் வலியை மறந்து வேலை செய்வது நல்ல மருந்துதான். எல்லா நேரமும் அதையே செய்வதுதான் சிக்கல்.

தாள் என்றால் தாளுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. பக்கத்தில் மகளோ மாமியாரோ உட்கார்ந்து படித்துக்காட்டினால் பதில் மாறும். “உடம்பை நம்புறீங்களா?” என்றால், “அதெல்லாம் அஞ்சே போடும்மா, டாக்டர் சந்தோஷப்படுவார்” என்று சொல்லும் பெரியவர்களை வாராவாரம் பார்க்கிறேன். உங்கள் மகள் 1 என்று எழுத விட்டிருக்கிறாளே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். இந்த எண்களை அடுத்தவர் எண்களோடு ஒப்பிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளை, அதே ஆள் படித்துக்காட்ட, மறுபடி நிரப்பி உங்கள் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொல்லைக் கேட்டு எழுதுவது இப்படி ஏமாற்றலாம் என்பதால்தான் நேரில் செய்து பார்க்கிற சோதனைகளும் வேண்டியிருக்கின்றன. நெஞ்சுத் துடிப்பை நாடியைத் தொடாமல் எண்ணச் சொல்லி, இ.சி.ஜி.யோடு ஒப்பிடும் சோதனை ஒன்று 1981-இலிருந்து இருக்கிறது. ஆனால் “நமக்கு நிமிஷத்துக்கு எழுபது சொச்சம்” என்று முன்பே தெரிந்தவர் எண்ணாமலே சரியாகச் சொல்லிவிடலாம். இடுப்பு வலிக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் முதுகில் வைத்தார்களே, அந்த இருமுனைச் சோதனை எனக்குப் பிடித்தது. விரல் நுனியில் இரண்டு முனைக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இருந்தாலே “ரெண்டு” என்று சொல்லிவிடுவோம். முதுகில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் விலகினால்தான் தெரியும். இது எல்லோருக்கும் பொது. மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் 1937-இல் அதைப் பதிவு செய்தார்கள். அதில் விரலுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்குச் சின்ன இடம். இலையை மடித்து, தூளை நிரப்பி, நூல் கட்டும் உங்கள் விரல்களுக்கு அங்கே கேட்கவே வேண்டாம். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களுக்கு, வலிக்கிற இடத்தில் அந்த 4 சென்டிமீட்டர் இன்னும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே இடம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாலும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மூளைக்கு மங்கிப்போகிறது.

படம் வரையச் சொன்னதும் அதற்காகவே. ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2008-இல் இடுப்பு வலிக்காரர்களிடம் இப்படி வரையச் சொன்னபோது, வலி இருக்கிற பகுதிக்கு வந்ததும் கோடு நின்றுபோனது. அந்த இடத்தைக் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றார்கள். உங்களுக்கு நடந்தது அதேதான். முதுகுக்கென்றே 9 கேள்விகளோடு ஒரு சின்னத் தாளும் உண்டு, 2014-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. முதுகு என் உடம்பில் ஒட்டாத மாதிரி இருக்கிறதா, வீங்கின மாதிரியோ ஒரு பக்கம் சாய்ந்த மாதிரியோ தோன்றுகிறதா என்று கேட்கும். அடுத்த முறை அதையும் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு 37 கேள்வியை விட இது சுலபமாகப் புரிகிறது.

உடம்பின் ஒரு பகுதி மூளையின் கணக்கிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்பதை நம் வேலூர்க்காரர்களுக்கு வெளியூர்க்காரர் சொல்ல வேண்டியதில்லை. 1946-இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அழிவது கிருமி தின்பதால் அல்ல, வலி தெரியாமல் தினமும் அடிபடுவதால்தான் என்று இங்கேயும், பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் வேலை செய்து நிரூபித்தார். அங்கே வலி காணாமல் போனது. உங்களுக்கோ வலி இருக்கிறது, இடம்தான் காணாமல் போகிறது. சர்க்கரை வியாதி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பாத உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? உங்கள் மகளை உங்கள் முதுகை போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் இடுப்புப் பகுதியில் ஒன்பது புள்ளி குறித்து 1 முதல் 9 வரை எண் போடுங்கள். நீங்கள் குப்புறப் படுத்தோ, மேசை மேல் சாய்ந்தோ, போன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் பேனா மூடியாலோ பாட்டில் கார்க்காலோ ஒரு புள்ளியைத் தொடுவாள். எந்த எண், எதனால் தொட்டாள், இரண்டையும் நீங்கள் சொல்ல வேண்டும். தப்பானால் அவள் திருத்த வேண்டும்; சும்மா தடவிவிட்டால் பலனில்லை, யோசித்துப் பதில் சொல்வதில்தான் பயிற்சி. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். தொட்டாலே எரிகிற இடம் இருந்தால் அதை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் வருவதில்லை; நடைப்பயிற்சிக்கும் பிசியோதெரபி உடற்பயிற்சிக்கும் இது துணைதான், மாற்று இல்லை.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது படபடப்பு கூடினால் வீம்புக்குத் தொடர வேண்டாம். கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதிலிருந்து தொடங்குங்கள். பழைய பயங்களோ துக்கமோ மேலே வந்தால் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் முறையை மாற்றித் தருவார்கள். வலிக்கிற இடத்தை மட்டும் தேடாமல், வலிக்காத இடங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இடது தோள் எப்படி இருக்கிறது, வயிறு இளகியிருக்கிறதா என்று.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. காலில் பலம் குறைவது, மூத்திரம் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாயந்திரக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி படுத்தாலும் அடங்காத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயையும் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கவரில் போட்டுக் கொடுக்கும் பெயர் தெரியாத வலி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்காதீர்கள். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, சிலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும்.

கடைசியாக, பீடி வேலை. புகையிலைத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை, அது தனிக் கதை. இடுப்புக்காக மட்டும் என்றால் இன்றைக்கே விட வேண்டியதில்லை. வெறும் தரையில் உட்காராமல் ஒரு சாண் உயரப் பலகை போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். முறத்தை மடியிலிருந்து எடுத்துச் சின்ன ஸ்டூலில் வையுங்கள், குனிவது குறையும். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் முறத்தைத் தள்ளிவைத்து எழுந்து, வாசல் வரை போய் வாருங்கள். எழுவதற்கு முன்னால் ஒரு நொடி, பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது, மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறேனா என்று மட்டும் பாருங்கள். முதல் வாரம் கணக்கு கொஞ்சம் குறையும், கூலியும் குறையும். அதை வீட்டில் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.